எவ்வளவு ஓடியிருக்கு?

பழைய கார் வாங்கி விற்கிற தொழிலில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு ஓடியிருக்கு? பாதிப் பேர் சொல்லும் பதில் பொய். அதனால் நான் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பெடல் ரப்பர், பிறகு டிரைவர் சீட்டு, பிறகு டயர். மீட்டரைத் திருப்பி வைத்தவன் இந்த மூன்றையும் திருப்பி வைக்க மறந்திருப்பான். வண்டிக்கு விலை வைப்பதுதான் கடையில் என் வேலை. எனக்கு அங்கே பூதக்கண்ணாடி என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அக்கா வீட்டு வண்டிக்கு விலை சொல்லப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா புருஷன் ஷெட்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாம்மா பூதக்கண்ணாடி. உங்க வீட்டுல உனக்காவது ஏதோ ஒண்ணு தெரியுதே. இந்தச் சனியன் என்ன விலைக்குப் போகும்னு பாத்துச் சொல்லு."

"நல்லாத்தானே இருக்கு மாமா? ஏன் விக்கிறீங்க?"

"நல்லா இருக்கா? இருபத்தோரு வருஷத்துல முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. ஆனா பெட்ரோல் குடிக்குது பாரு, குடிகாரன் தோத்தான். மாசத்துக்கு நாலு தடவை எடுக்கறேன், டாங்க் காலி. நாலு மெக்கானிக் பாத்துட்டான், எங்கயும் ஒழுகலையாம். போதாததுக்கு இந்தச் சீட்டு. நான் பின்னாடி தள்ளி வச்சா அது தானா முன்னாடி வந்து நிக்குது. பேய் புகுந்த வண்டி."

மாமாவை எனக்குப் பிடிக்காது. அவர் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, மத்தியானச் சீட்டாட்டம் தவிர வேறு எந்தப் பழக்கமும் இல்லை. அதனால் வெளியே அவருக்குத் தங்கமான மனிதர் என்று பெயர். வீட்டுக்குள்ளே வாய் மட்டும்தான். அக்கா எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் "உனக்கு என்ன தெரியும்" என்று நடுவிலேயே வெட்டுவார். முப்பத்தைந்து வருஷமாக இதே வெட்டு. சொல்ல வந்ததை முடிக்காமல் நிறுத்துவது அக்காவுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. என்னோடு போனில் பேசும்போதுகூடப் பாதியில் நின்றுவிடுவாள். லைன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டிப் பார்ப்பேன்.

அன்றும் அக்கா எனக்குக் காபி கொண்டுவந்தாள். தம்ளரைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

"ஆறிப்போச்சு. அறுபது வயசுக்குக் காபி போடத் தெரியல. நீ குடிம்மா, நம்ம தலையெழுத்து."

உள்ளே போன் அடிக்க, அவர் எடுக்கப் போனார். நான் வேலையைத் தொடங்கினேன்.

பெடல் ரப்பரில் கோடுகள் புதுசு போல இருந்தன. டயர்கள் தேயவில்லை, நின்று நின்றே வெடிப்பு விட்டிருந்தன. ஆக மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் டிரைவர் சீட்டு குழிந்து கிடந்தது. ஏசி பட்டனில் எழுத்தெல்லாம் அழிந்து மொழுமொழுவென்று இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே தார் மாதிரி கறுப்பு. பின்பக்கம் போனேன். புகைக்குழாய்க்கு நேர் எதிரே ஷெட்டுச் சுவரில், அடுப்புக்குப் பின்னால் இருப்பது போல வட்டமாகக் கரி.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வண்டி ஓடவே இல்லை. ஆனால் இஞ்சின் ஓடியிருக்கிறது. நின்ற இடத்திலேயே, வருஷக்கணக்கில்.

"அக்கா, நீ கொஞ்சம் ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணு. நான் பின்னாடி புகையைப் பாக்கணும்."

வண்டி ஓட்டத் தெரியாதவள்தானே, சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று பக்கத்தில் போய் நின்றேன். அக்கா ஏறினாள். குனிந்து பார்க்காமலே சீட்டுக்கு அடியில் கையை விட்டு முன்னால் இழுத்துக்கொண்டாள். கியரை ஆட்டிப் பார்த்துச் சாவியைத் திருகினாள். திருகிய கை அப்படியே போய் ஏசியை இரண்டில் வைத்தது. பிறகுதான் நான் நிற்பது நினைவுக்கு வந்து கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

நான் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தேன்.

"எத்தனை வருஷமாக்கா?"

"என்னது?"

"பேய் எத்தனை வருஷமா இருக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

"பையன் வேலைக்கு வெளியூர் போனதுலேருந்து. இவர் மத்தியானம் சீட்டாடப் போவார் இல்ல, அப்போ. இன்னொரு சாவி சர்க்கரை டப்பாவுல இருக்கு. இவருக்குத்தான் சர்க்கரை வியாதியாச்சே, அந்தப் பக்கமே போக மாட்டார்."

"உக்காந்து அழுவியா?"

"அழறதுக்கு எதுக்குடி ஏசி? குளிக்கிற ரூம் போதாதா? பேசுவேன்."

"யாரோட?"

"யாரோடவும் இல்ல. சும்மா, மனசுல வந்ததை. ஆரம்பிச்சா முடிக்கிற வரைக்கும் பேசுவேன். நடுவுல வெட்ட ஆளில்ல பாரு. இஞ்சின் ஓடிட்டிருந்தா பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. அப்புறம்..." வழக்கம்போல நின்றாள். ஏசிக் காற்று முகத்தில் பட்டதோ என்னவோ, மறுபடி தொடர்ந்தாள். "எங்கயோ போயிட்டிருக்கற மாதிரி இருக்கும்."

இந்த வீட்டில் மூன்று படுக்கையறை, ஒரு கூடம், ஒரு மாடி. அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை. அவளுக்கென்று இருப்பது இந்த ஒற்றைச் சீட்டு. அதற்குத்தான் நான் விலை சொல்ல வந்திருக்கிறேன்.

மாமா திரும்பி வரும் சத்தம் கேட்டது. அக்கா இஞ்சினை அணைத்து, சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினாள். அந்த ஒரு நிமிடத்தில் நான் கணக்குப் போட்டேன். உண்மையில் அது முதல் தரமான வண்டி. கரியைச் சுத்தம் செய்து டயர் மாற்றினால் ஆள் தேடி வந்து வாங்குவார்கள். அதைச் சொன்னால் நாளைக்கே போய்விடும். மாமா எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். ஒன்றும் தேறாது என்று சொன்னால், சும்மா கொடுக்க மனசு வராமல் வைத்துக்கொள்வார்.

"மாமா, இஞ்சின் போச்சு. யாரும் வாங்க மாட்டாங்க. இருக்கற வரைக்கும் நீங்களே வச்சுக்கறதுதான் லாபம்."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை உதைத்தார்.

"அப்போ எதுக்கு இது? பெட்ரோலையும் குடிச்சுக்கிட்டு இடத்தையும் அடைச்சுக்கிட்டு? பழைய இரும்புக்காரனுக்குச் சொல்லிடறேன். எடைக்குப் போட்டுடலாம்."

"ஐயோ, எடைக்கெல்லாம் வேணாம் மாமா. அதுக்கு நானே எடுத்துக்கறேன். இங்கயே நிக்கட்டும், மெதுவா எடுத்துட்டுப் போறேன்."

வாய் தவறியது என்று சொன்ன உடனே தெரிந்துவிட்டது. மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஓகோ. ஒண்ணுக்கும் ஆகாத வண்டி உனக்கு மட்டும் எதுக்காம்? விலையக் குறைச்சு அடிச்சு அமுக்கிட்டுப் போகலாம்னு பாக்கறியா? என்கிட்டயேவா?"

"இல்ல மாமா, அது வந்து..."

"பேசாத. உங்க குடும்பமே இப்படித்தான். எடைக்குத்தான் போகும். நான் பாத்துக்கறேன்."

பக்கத்தில் நின்ற அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"உனக்கு என்ன தெரியும்? உள்ள போ."

அவள் உள்ளே போனாள். அவருடைய கஞ்சத்தனத்துக்கு விலை வைத்தபோது பழைய இரும்புக்காரனை மறந்துவிட்டேன். வீம்பையும் கணக்கில் சேர்க்கவில்லை. வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கோட்டை விட்டேன்.

அந்த வாரமே லாரி வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போய் அக்காவோடு நின்றேன். கம்பியை மாட்டி இழுத்தபோது நல்ல வண்டி கோணிக்கொண்டு ஏறியது. ஏற்றுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கண்ணாடிகளை அங்கேயே உடைத்தார்கள். மாமா எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி பேரம் பேசினார். பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"சுவத்துல எவ்வளவு கரி பாரு. தேய்ச்சுக் கழுவி விடு. சாயந்திரம் இங்க நாற்காலி போட்டு உக்காரலாம், காத்து வரும். மத்தியானச் சீட்டாட்டத்தையும் இங்கயே வச்சுக்கறேன், இனிமே போற அலைச்சலும் இல்ல."

அக்கா வாளியும் பிரஷும் கொண்டுவந்தாள். மாமா உள்ளே போன பிறகு நான் பிரஷைப் பிடுங்கிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"ஏன்டி, அது நிஜமாவே கெட்டுப்போன வண்டியா?"

"இல்லக்கா. ரொம்ப நல்ல வண்டி. உனக்காகத்தான் பொய் சொன்னேன். உன்கிட்டயே இருக்கட்டும்னு."

அக்கா வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நல்ல விலை சொல்லியிருந்தா, ஓட்டத் தெரிஞ்சவங்க யாராவது வாங்கிட்டுப் போயிருப்பாங்கடி. அதாச்சும் ஓடியிருக்கும்."