காலைத் தூக்கி வைக்கிறவள்

மண்டல ஓட்டத் தேர்வுப் படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: நானூறு, எண்ணூறு, ஆயிரத்து ஐநூறு மீட்டர். ஏதாவது ஒன்றில் டிக் அடித்துத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நிவேதா வெள்ளிக்கிழமையே நானூறில் அடித்துவிட்டாள். அடித்த கையோடு பையில் போட்டு ஜிப்பையும் இழுத்து மூடினாள், யாரோ பிடுங்க வருவதுபோல.

நானூறில் அவள் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. ஆளுக்கு ஒரு தடம். வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவள். கடைசி வரைக்கும் யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள். எண்ணூறில் முதல் வளைவு தாண்டியதும் எல்லோரும் உள்கோட்டுக்குப் பாய்வார்கள். ஆயிரத்து ஐநூறில் ஆரம்பமே கும்பல்தான்.

நிவேதாவுக்குக் கும்பல் என்றால் பயம். சும்மா நெஞ்சு படபடக்கிற பயம் இல்லை, வயிற்றைக் கலக்கிக் கழிவறையைத் தேட வைக்கிற பயம். இரண்டு மாதத்துக்கு முன் மாவட்டப் போட்டியில், எண்ணூறு மீட்டரில், முன்னால் போனவள் தடுக்கி விழுந்தாள். நிவேதா அவள்மேல் விழுந்தாள். பின்னால் வந்தவளின் ஸ்பைக்ஸ் காலணியின் ஆணி நிவேதாவின் இடது கெண்டைக்காலில் இறங்கியது. ஏழு தையல்.

காயம் ஆறிவிட்டது, ஓட்டம்தான் கெட்டுப்போனது. அதுவும் வேடிக்கையாகக் கெட்டது. லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில், அலை நனைத்து இறுகிய மணலில், பி.டி. சார் தனசேகர் அளந்து குச்சி நட்டு வைத்திருந்தார். அங்கே தனியாக ஓடினால் ஆயிரத்து ஐநூறு மீட்டரை நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடித்தாள். பள்ளி மைதானத்தில் பிளஸ் ஒன் பையன்கள் ஆறு பேரோடு சேர்த்துவிட்டால் ஐந்தேகால் நிமிடம். சார் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். பாவம், கடிகாரம் என்ன செய்யும்?

"இந்த மாவட்டத்துலயே யாருக்கும் இல்லாத மூச்சும்மா உனக்கு. அதைக் கொண்டுபோய் நானூறுல போடாத" என்றார். மண்டலத் தேர்வில் முதல் மூன்று பேரை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள். ஆயிரத்து ஐநூறில் அவளுக்கு இடம் கிடைக்கலாம். நானூறில் ஏழாவதாக வந்து பஸ் பிடித்து ஊர் திரும்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை விஷயத்தைக் கண்டுபிடித்தவள் அமீனா. பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் கௌஸ் மைதீனின் மகள், நிவேதாவின் வகுப்பு. ஓடச் சொன்னால் ஓடமாட்டாள்; ஓடுகிறவர்களைப் போனில் படம் பிடிக்கச் சளைக்கமாட்டாள்.

"இன்னாடி இது? தனியா நல்லாத்தான் ஓடினு வர. பசங்க பக்கத்துல வந்ததும் ஏன் காலைத் தேய்க்கிற? செருப்பு அறுந்தவ மாதிரி கீது."

நிவேதா போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அது நொண்டல் இல்லை. அது ஏரி நடை.

பழவேற்காட்டு உவர்நீர் ஏரியில் இறால் பிடிக்கிற பெண்கள் காலைத் தூக்கி வைப்பதில்லை. சேற்றோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டே போவார்கள். அடியில் திருக்கை மீன் படுத்திருக்கும். கால் உரசினால் விலகிப் போய்விடும், மேலே மிதித்தால் வாலைச் சுழற்றி முள்ளை ஏற்றிவிடும். நிவேதாவின் அம்மா திரௌபதி வாயில் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். நிவேதாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் ஏதோ நினைப்பில் அம்மா ஒரே ஓர் அடி தூக்கி வைத்துவிட்டாள். மூன்று பெண்கள் அவளைத் தூக்கிவந்து வீட்டு வாசலில் போட்டார்கள். அம்மா போட்ட கூச்சலைக் கேட்க முடியாமல் நிவேதா வீட்டுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் வீக்கம் வடிய ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அம்மாவோடு ஏரியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் கேட்ட ஒரே சொல், "காலைத் தூக்காத."

பயந்த உடம்புக்கு அந்த ஒரு வித்தைதான் தெரிந்திருந்தது. பள்ளி மைதானத்தில் திருக்கை இல்லை என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

நிவேதா ஒரு முடிவுக்கு வந்தாள்: திருக்கை இருக்கிற ஏரியிலேயே காலைத் தூக்கி வைத்துப் பழகுவது. பதினாறு வயதில் வருகிற முடிவுகளில் பாதி எப்படியிருக்குமோ இதுவும் அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவோடு ஏரிக்குப் போனாள். பெண்கள் வரிசையாகத் தடவிக்கொண்டு முன்னே போனதும் அவள் பின்தங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீர், கலங்கல், அடி தெரியவில்லை. வலது காலை வெளியே தூக்கினாள். தூக்கிய காலைக் கீழே வைக்க முடியவில்லை. முள் எங்கே ஏறும், உள்ளங்காலிலா, கணுக்காலிலா என்றே மனம் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். சேறு. அடுத்த கால். சேறு.

பதினான்காவது அடியில் பாதத்துக்குக் கீழே ஏதோ அசைந்தது. வழவழப்பாக, அகலமாக, உயிரோடு. தண்ணீருக்குள் புகைபோலச் சேறு கிளம்பியது. நிவேதா ஒற்றைக்காலில் நின்றாள். ஒன்றுக்குப் போய்விட்டாள், தண்ணீரில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. திருக்கை போய்விட்டது. ஏன் குத்தாமல் போனது என்று அதற்குத்தான் தெரியும்.

அம்மா திரும்பிப் பார்த்துவிட்டாள். வாயிலிருந்த பறி நழுவித் தண்ணீரில் விழுந்தது. வந்த வேகத்தில் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்.

"காலைத் தூக்கினியா? தூக்கினியா நீ?"

நிவேதா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கும்பல், தேய்க்கிற கால், படிவம், நானூறு.

"அப்டினா ஓட வாணாம். போதும், வூட்ல கெட" என்றாள் அம்மா. மறு கையால் நிவேதாவின் பாதங்களை மாற்றி மாற்றித் தூக்கி, முள் ஏறியிருக்கிறதா என்று தடவினாள். முள் ஏறி ஏழு வருடம் ஆகியும் தினமும் இதே தண்ணீரில் இறங்குகிற அம்மாவுக்குப் பயம் எப்போதோ விட்டுப்போயிருக்கும் என்றுதான் நிவேதா எண்ணியிருந்தாள். விடவே இல்லை. அம்மா பறியைத் தேடி எடுத்து, கவிழ்ந்ததுபோக மிஞ்சிய இறாலைப் பார்த்து ஒரு வசை வைதாள். பிறகு அதைப் பல்லில் கவ்விக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து, திருக்கை போன பக்கமே போனாள்.

திங்கட்கிழமை காலை நிவேதா நானூறில் இருந்த டிக்கைக் குறுக்கே கோடிட்டு அழித்துவிட்டு ஆயிரத்து ஐநூறில் டிக் போட்டாள். அழுத்தி இழுத்ததில் அது கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

மூன்று வாரம் பயிற்சி. சார் ஆறு பையன்களையும் வேண்டுமென்றே அவளைச் சுற்றி ஓடவிட்டார். முழங்கை இடித்தது, குதிகால் தட்டியது. கால் தேயும்போதெல்லாம் வளைவில் நின்ற அமீனா, "தேய்க்கிறடி" என்று கத்தினாள். பயம் ஒரு இம்மியும் குறையவில்லை. குறைந்ததெல்லாம் அமீனாவின் சத்தம்தான்.

தேர்வு சென்னையில் நடந்தது. பதின்மூன்று பேர். துப்பாக்கி வெடித்ததும் நிவேதா நடுவில் சிக்கிக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் முன்னால் இரண்டு முதுகு, வலப்புறம் ஒரு தோள், பின்னால் ஸ்பைக்ஸ் தரையைக் கிழிக்கும் சத்தம். இடது கால் சரக்கென்று தேய்ந்தது. அது அவளுக்கே கேட்டது. அமீனா ஊரில் இருந்தாள்.

நிவேதா காலைத் தூக்கினாள். இப்போது குத்தும் என்று நினைத்து வைத்தாள். இப்போது குத்தும், இப்போது குத்தும். ஒவ்வோர் அடிக்கும் அதையேதான் நினைத்தாள், வேறு எதுவும் நினைக்கவில்லை. இரண்டு முதுகுக்கும் நடுவில் ஒரு சந்து திறந்தபோது அதற்குள் புகுந்தாள். புகுந்த இடத்தில் குத்தியது. அதே இடது கால். வலி மேலேறிப் பல்லைக் கடிக்க வைத்தது. கால் நிற்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தாள். சார் விசில் கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றார். அவர் போனை வாங்கி நிவேதா அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மூணாவதும்மா. ஹாஸ்டல்ல எடுத்துக்கினாங்க."

"காலு?" என்றாள் அம்மா.

"ஒருத்தியோட ஸ்பைக்ஸ் கீறிடுச்சி. அதே கால்தான்."

"காலைத் தேய்க்கலையா நீ?"

"இல்லம்மா. தூக்கித்தான் வச்சேன்."

"நல்லாருடி" என்றாள் அம்மா. உடனே, "இனிமே நீ ஏரில எறங்காத. ஒன் காலு தூக்கிப் பழகிடுச்சி. எனுக்கு பயமா கீது."

"தேய்ப்பேம்மா. ஏரின்னா தேய்ப்பேன்."

அம்மா போனை வைத்துவிட்டாள். நிவேதா ஸ்பைக்ஸைக் கழற்றி, மைதானப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்றாள். சின்ன வயதிலிருந்து நடந்த நடைதானே என்று தேய்த்துப் பார்த்தாள். ஓர் அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் குதிகால் தானாக மேலே எழுந்தது. நிவேதா குனிந்து அந்தக் குதிகாலைக் கையால் பிடித்துத் தரையோடு அழுத்தினாள்.