தொட்டிக்கு அடியில் ஒரு கூட்டாளி

அமெரிக்காவில், டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். ஆனால் மீறியவனோடு மறுநாள் யாரும் உட்கார்ந்து எழுத மாட்டார்கள். பாட்டு பிறக்கும்போது அறைக்குள் இருந்த எல்லோருக்கும் அதில் சம பங்கு. ஒருவன் முழுப் பாட்டையும் எழுதியிருக்கலாம், இன்னொருவன் வறுத்த கோழியைத் தின்றுகொண்டு 'ம்' கொட்டியிருக்கலாம். இருவருமே பாட்டுக்குத் தகப்பன்கள்தான்.

இந்தச் சட்டத்தால் நொந்து போனவள் ஒலீட்டா கிரிஸம். முப்பது வருஷம் நாட்டுப்பாட்டு எழுதிப் பாடினாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்டீல் கிட்டார் வாசித்தவன் நான். அவள் பாட்டு ஒவ்வொன்றிலும் நாலைந்து பெயர். பெயர்களைப் படித்து முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். கதவைத் தட்டிய தபால்காரருக்குக்கூட ஒரு பாட்டில் பங்கு இருப்பதாக நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

"பர்ல், சாகறதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு. அதுல என் பேரு மட்டும்தான் இருக்கணும்," என்று என்னிடம் சொல்வாள் ஒலீட்டா.

போன வசந்தத்தில் எழுதியும்விட்டாள். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன்னை விட்டுப்போன புருஷன் டாய்லைக் கிழித்துத் தொங்கவிட்ட பாட்டு. குதிரை பாய்கிற மாதிரி தாளம். ஊரே கொண்டாடும் ஒரு இளம் பாடகி அதைக் கேட்டுவிட்டுத் தன் ஆல்பத்தில் பாடுவதாகச் சொன்னாள். ஸ்டீல் கிட்டாருக்கு என்னையே கூப்பிடுவதாக அவளுடைய தயாரிப்பாளர் கைல் சொன்னதும், என் வாத்தியத்தை நான் தூசி தட்டிய வேகத்தில் பக்கத்து வீட்டு நாய் தும்மியது.

கைலும் நானும் ஒலீட்டாவின் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது டாய்ல் வந்து சேர்ந்தான்.

"பாட்டுல எனக்கும் பாதி உண்டு, கண்ணு."

"உனக்கா? உன்னைத் திட்டித்தான்யா அதையே எழுதியிருக்கேன்!"

"திட்டினப்போ நான் அங்கதானே இருந்தேன்? சிங்க் அடைச்சிருக்குன்னு நீதானே கூப்பிட்ட?"

உண்மைதான். அவள் அதை எழுதிய அன்று அவன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தான். வெளியே தெரிந்தது பூட்ஸ் மட்டும். அத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் என்பதால், அவனையும் ஒரு ஆளாகச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"உன் காலு மட்டும்தான் இருந்துச்சு!"

"தாளம் யாரோடது? டக், டக்-டக். என் ஸ்பானர் குழாயில தட்டின சத்தம். அதைப் புடிச்சுக்கிட்டுதானே நீ ஓடின?"

ஒலீட்டா மேஜையில் அதைத் தட்டிப் பார்த்தாள். அதேதான்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல மேடம்," என்று கைல் கையைப் பிசைந்தான். "அவரு பேரையும் போட்டுருங்க. திங்கக்கிழமை பதிவு."

நானும் கெஞ்சினேன். "ஒரு பேருதானேம்மா! தபால்காரருக்கே குடுத்தவதானே நீ?"

"தபால்காரர் என்னை விட்டுட்டு ஓடலையே!"

கிட்டாரை மடியில் இழுத்துக்கொண்டாள். "அவன் தாளத்தை அவனே வெச்சுக்கட்டும். அது இல்லாமப் பாடறேன், கேளுங்க."

டக்-டக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வேகத்தை இறக்கி, சொல் சொல்லாகப் பாடினாள். நாங்கள் சிரித்த வரிகளெல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டன. வசவு என்று நாங்கள் நினைத்தது, ஒருத்தி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று காத்திருந்த கதை. டாய்ல் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்கூட வாயை மூடிக்கொண்டிருந்தேன். டென்னசி மாநிலமே இதை நம்பாது.

"இதுல எனக்குப் பங்கு வேண்டாம்," என்றான் டாய்ல்.

கைல் தொண்டையைச் செருமினான். "அருமையா இருக்கு மேடம். ஆனா எங்க பாடகிக்கு ஆடற பாட்டுதான் வேணும்."

"அப்ப வேற பாட்டு பாத்துக்கோ தம்பி."

போயிற்று. ஆல்பமும் போயிற்று, என் ஸ்டீல் கிட்டாரும் போயிற்று. நான் கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இப்படியும் ஒரு பிடிவாதமா? கழுதையே உன்கிட்ட வந்து பாடம் படிக்கணும்!"

"மெதுவாத் திட்டு பர்ல். மெம்ஃபிஸ் வரைக்கும் கேக்குது."

செவ்வாய்க்கிழமை காபிக் கடைக்குப் போனோம். பாட்டெழுதுகிறவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுத் தங்கள் பாட்டைத் தாங்களே பாடும் இடம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர்களின் பெயர்களைச் சொல்வது கடைக்காரி வெர்னெலின் வேலை.

"சொல்லும் மெட்டும், ஒலீட்டா கிரிஸம்..." என்றவள், பழக்க தோஷத்தில் அடுத்த பெயருக்காக மூச்சை இழுத்துக்கொண்டு கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "அவ்வளவுதானா?" என்று மைக்கிலேயே கேட்டாள்.

"அவ்வளவுதான். நகரு," என்று ஒலீட்டா தந்தியைத் தொட்டாள்.