சரளா அக்காவின் கம்ப்யூட்டரில் நான் மாற்றிய எண்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. மூன்று மாதங்களுக்கு முன், நீலசந்திராவில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் சரளா அக்காவின் கணவர் முனிகிருஷ்ணன் அண்ணா என்னைக் கேட்டார்: "கம்ப்யூட்டர் தானாவே போயிடுச்சா தினேஷ்?"

"ஆமாண்ணா. பழசு இல்லையா" என்றேன்.

அதை எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தொடக்கம் சரியாக வரவில்லை.

'ஒரு கம்ப்யூட்டர் சாகும்போது...' (வேண்டாம். செத்தது கம்ப்யூட்டர் என்று எழுதினால் நான் தப்பித்துவிடுவேன்.)

'சரளா இருபத்திரண்டு வருடம் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். அவள் குரல்...'

இதைத் தொடரலாம். ஆனால் 'அவள்' கூடாது. நேரில் அக்கா என்று கூப்பிட்டுவிட்டு காகிதத்தில் அவள் என்பது எனக்கு வரவில்லை.

2

சரளா அக்காவின் குரல் பஸ்ஸின் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை போகும். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் முன்னால் போகச் சொல்லி விரட்டிவிட்டு, தெரிந்த முகத்தைக் கண்டால் அதே மூச்சில் "இன்னா, லேட்டா?" என்பார். ஜனவரியில் குரல் கரகரத்தது. மார்ச்சில் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன், வியாழக்கிழமை காலையில் அட்மிஷன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு புரோகிராமைப் பற்றிச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, அது காட்டும் முந்நூற்றைம்பது வரிகளையும் படித்துப் பதிய வேண்டும். பிறகு போனில் எதைத் தட்டினாலும், படித்தவரின் குரலிலேயே அது பேசும். அக்காவின் வீட்டில் இருந்தது மகள் வீணா காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். வீணா இப்போது மஸ்கட்டில் நர்ஸ். என்னிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப். அதில் வேறு எதையும் ஏற்ற விடமாட்டார்கள்.

செவ்வாய் மாலை என்னைக் கீழே கூப்பிட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் முடிந்திருந்தன. இருபது வரிக்கு ஒருமுறை புரோகிராம் உறைந்து, வெர்ச்சுவல் மெமரி குறைவு என்று திரையில் ஒரு பெட்டி வந்தது.

(தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டரின் மெமரி போதாதபோது அது ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடத்தை மெமரி போலப் பயன்படுத்திக்கொள்ளும். எவ்வளவு இடம் என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானிக்கும். நாமும் ஓர் எண்ணைக் கொடுத்து மாற்றலாம். இந்த இடத்தில் ஞாபகம், மறதி என்று எதையாவது எழுதக் கை வருகிறது. எழுத மாட்டேன். அன்று அந்த அறையில் யாரும் எதையும் மறக்கவில்லை.)

3

"இத மாத்தணுமா தினேஷ், சும்மா வுட்டுடலாமா?" அக்கா கேட்டார். பேசும்போது கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "பத்து வரி படிச்சு, சேவ் பண்ணி, புரோகிராம மூடித் தொறந்தா ஓடுதுப்பா."

"எதுக்குக்கா கஷ்டம்? அஞ்சு நிமிஷ வேலை."

"உள்ள டக்கு டக்குனு சத்தம் வேற வருது."

"அது ஃபேன்க்கா."

முனிகிருஷ்ணன் அண்ணா அலமாரியிலிருந்து ஒரு பென் டிரைவைத் தேடி எடுத்து வந்தார். "இதுல ஒரு காப்பி போட்டு வெச்சுக்கலாமா?"

"அப்புறம் பாத்துக்கலாம்ணா."

இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.

செட்டிங்கைத் திறந்தேன். இருந்த எண்ணை எடுத்துவிட்டு மூன்று மடங்கு பெரிய எண்ணைப் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால்தான் மாறும் என்றது. செய்தேன். திரை கறுத்தது. டக்கு டக்கு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது. மறுபடி மறுபடி பட்டனை அழுத்தினேன். அக்கா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'முனிகிருஷ்ணன் என் சட்டையைப் பிடித்தார்...' (பொய். அவர் டீ போடப் போனார். இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் சந்தேகப்பட்டேன். கோபப்படும் ஒருவராக அவரை மாற்றி ஒரு பக்கம் எழுதினேன், படிக்கச் சுலபமாக இருந்தது. ஆனால் அவர் போட்டது டீதான். சர்க்கரை போட மறந்திருந்தார். மூன்று பேரும் குடித்தோம்.)

புதன்கிழமை வேறொரு லேப்டாப்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தேன். அக்கா முதல் வரியிலிருந்து தொடங்கினார். பதினெட்டாவது வரியில் நிறுத்தினார். தொண்டை வீங்கியிருந்தது.

"போதும்பா. இனிமே ஆகாது" என்றார். அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

4

ஹார்ட் டிஸ்கை டெரிக்கிடம் கொண்டுபோனேன். அடுத்த தெருவில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"நம்பரு மாத்தினதுனால போகல பாஸ். டிஸ்க் முன்னாடியே போய்க்கிட்டு இருந்திருக்கு. சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஆன்ல இருந்தப்பவே காப்பி எடுத்திருந்தா மொத்தமும் வந்திருக்கும். சத்தம் வர்ற டிஸ்க்க யாராச்சும் ரீஸ்டார்ட் பண்ணுவாங்களா?"

இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

5

எழுதிக் கிழித்த முடிவுகள் இரண்டு. ஒன்றில் டெரிக் டிஸ்கை மீட்டுவிடுகிறார், மஸ்கட்டில் வீணா போனில் அம்மாவின் குரலைக் கேட்டு அழுகிறாள். உண்மையில் வீணாவிடம் இருப்பது பழைய வாய்ஸ் மெசேஜ்கள் ஆறு; பாதிக்கு மேல் பஸ் சத்தம். இன்னொன்றில் நான் எல்லாவற்றையும் சொல்கிறேன், முனிகிருஷ்ணன் அண்ணா என் தோளில் கை வைக்கிறார். நானே என்னை மன்னித்துவிட்டு அவர் கையால் அதைச் செய்ய வைப்பது அசிங்கமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா நடமாடுகிறார். கணவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுகிறார். மேலே எனக்குக் கேட்கும். போனில் தட்டினால் பேசுவது யாரோ ஒரு பெண், செய்தி வாசிப்பவர் போல. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரையைக் காட்டுவார்.

நேற்று படிக்கட்டில் வழிமறித்துக் காட்டினார்: 'கதை எழுதறியாமே. என்னப் பத்தியா?'

தலையாட்டினேன்.

'முடிச்சதும் குடு. படிக்கிறேன்.'

முனிகிருஷ்ணன் அண்ணாவுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படித்தது கன்னட மீடியம். அக்கா குடியாத்தத்தில் பத்தாவது வரை தமிழில் படித்தவர். ஓர் எழுத்து விடாமல் படிப்பார்.

பிரிண்ட் எடுத்து இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன். முதல் பகுதியையும், பென் டிரைவ் வரும் இடத்தையும், நான்காம், ஐந்தாம் பகுதிகளையும் ஒன்றிலிருந்து எடுத்துவிட்டேன். படித்துப் பார்த்தேன், எந்த இடத்திலும் தட்டவில்லை. சொல்லப்போனால் அதுதான் நல்ல கதை.

உங்கள் கையில் இருப்பது மற்றது. கீழே கை தட்டும் சத்தம் கேட்கிறது. இரண்டு தட்டு, பிறகு ஒன்று. முனிகிருஷ்ணன் அண்ணா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார். எந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு இறங்குவது என்று நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், மறுபடியும் தட்டுகிறார்.