சம்பந்தியின் குதிரைப்படை

ஒருத்தன் ஏமாற்றவில்லை என்றால் அவனுக்கு இன்னும் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இது செக்கரின் கட்சி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தே தலை நரைத்த மனுஷன் அவர். தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை அவன் மூச்சு விடுகிற அழகை வைத்தே பிடித்துவிடுவார். வேலை ஓய்ந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அந்தக் கண் மட்டும் ஓயவில்லை. ஒருநாள் பால் பாக்கெட்டை எடை போட்டுப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. அதனால் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பொம்மைப் போரில் பைத்தியம். விரல் உயர ஈயச் சிப்பாய்கள். ஒவ்வொருத்தனுக்கும் சட்டை, தொப்பி, மீசை என்று பெயிண்ட் அடித்து, அட்டையில் வரிசையாக ஒட்டி, மேசைமேல் நிறுத்தி, என்றைக்கோ ராஜாக்கள் போட்ட சண்டையை மறுபடியும் போடுவது. எவன் எத்தனை அங்குலம் நகரலாம், எவன் சுட்டால் எவன் விழுவான், எல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கும். மிச்சத்தைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

கூட விளையாட முதலில் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருடைய பகடையைச் செக்கர் உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரே பக்கமாகப் புரளுகிறதா என்று பார்த்தார். மருந்துக்கடைக்காரர் பகடையைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். பிறகு ஒரு தையல்காரர் வந்தார். அவருடைய டேப்பை வாங்கி, தன் டேப்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார் செக்கர். தையல்காரனிடம் அதைச் செய்யலாமா? அவரும் போனார். கடைசியில் மிஞ்சினது சம்பந்தி ஒருத்தர்தான். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு, அவர் எங்கே ஓடமுடியும்?

சம்பந்தி பேக்கரி வைத்திருந்தார். உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருக்கும். நீலச்சட்டைப் படை அவருடையது, சிவப்புச்சட்டை செக்கருடையது. ஞாயிறு தவறாமல் செக்கர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாலத்துச் சண்டை நடக்கும். நிஜத்தில் நடந்த கதை இவ்வளவுதான்: சிவப்பு மேட்டின்மேல் நின்றது, நீலம் பாலத்தைத் தாண்டியது, பொழுது சாய்வதற்குள் நீலத்தின் குதிரைப்படை மேட்டைத் தொட்டுவிட்டது, சிவப்பு தோற்றது. மேசையில் பொழுது சாய்வதென்றால் இத்தனை நகர்வு என்று ஒரு கணக்கு, அங்கேயும் ஞாயிறுக்கு ஞாயிறு அதுவேதான் நடந்தது. காரணம் சம்பந்தியின் சுண்டு விரல். டேப் வைத்து அளந்து குதிரையைச் சரியாகத்தான் வைப்பார். கையை எடுக்கும்போது அந்தச் சுண்டு விரல் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளும்.

"சம்பந்தி, விரல்!" என்று செக்கர் கத்துவார்.

"எந்த விரல்?" என்பார் சம்பந்தி, பத்தையும் விரித்துக் காட்டி. ரொம்ப நெருக்கினால், "கை பட்டிருக்கும்," என்பார்.

இப்படி இருக்கையில், தொழிற்சங்கக் கட்டடத்துப் பெரிய ஹால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது. அதுவரை மேசையில் பாதிப் படைகூட நின்றதில்லை. இப்போது இரண்டு படையையும் முழுசாக இறக்கலாம், ஆற்றையும் முழு நீளத்துக்கு விரிக்கலாம். அத்தனை பெரிய சண்டைக்கு எந்த விதிப் புத்தகம்? தேர்ந்தெடுக்கிற பொறுப்பைச் செக்கர் தானே எடுத்துக்கொண்டார். வேறு யாரிடமாவது விடுவாரா அவர்?

மூன்று புத்தகங்கள் இருந்தன. ஒன்று, வழக்கமான தடிப் புத்தகம். அங்குலம் அங்குலமாக அளக்கிறது. இரண்டாவதில், தளபதி உத்தரவு போட்டாலும் பகடை சரியாக விழுந்தால்தான் படை அசையும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

"நான் சொல்லி எவனும் அசையாம நிக்கிறதை வீட்டிலயே பாக்குறேன். அதுக்கு எதுக்கு ஹாலு?" என்று அதைத் தள்ளிவைத்தார்.

மூன்றாவது புத்தகத்தைப் படித்தபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. அதில் டேப்பே கிடையாது. தரை முழுக்கக் கட்டம். காலாள் ஒரு கட்டம், குதிரை இரண்டு கட்டம். கட்டத்துக்குள் நின்றால் நின்றது, எவ்வளவு தள்ளினாலும் அதே கட்டம்தான். ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு தடவை புரட்டினார். ஒரு திருடன் நுழைய இடமில்லை.

முதலில் வீட்டில் ஒத்திகை. பச்சைத் துணியில் சாக்பீஸால் கட்டம் போட்டார்கள். சம்பந்தி குதிரையை எடுத்தார், இரண்டு கட்டம் வைத்தார், கையை எடுத்தார். சுண்டு விரல் வேலையில்லாமல் தொங்கியது. மேட்டுக்குக் கீழே ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. சிவப்பு ஜெயித்தது. ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை.

"நல்லா விளையாடினீங்க சம்பந்தி," என்றார் பேக்கரிக்காரர். டீயைக் குடித்தார். எப்போதும் கேட்டு வாங்குகிற இரண்டாவது டம்ளரைக் கேட்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த ஞாயிறு எனக்கு இடுப்பு வலிக்கும் போலிருக்கு. என் ஆளுங்களை இங்கயே வச்சுக்குங்க. வேற யாரையாவது கூப்பிட்டு நடத்துங்க," என்றார்.

"அடுத்த ஞாயிறு வலிக்கும்னு இப்பவே எப்படித் தெரியும்?"

"தெரியுது."

வேற யார்? மருந்துக்கடைக்காரர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார். தையல்காரர் கடையில் இப்போது செக்கரின் சட்டைக்கு மட்டும் பட்டன் தீர்ந்துபோகிறது. சம்பந்தியும் வரவில்லை என்றால், அந்தப் பெரிய ஹாலில் இரண்டு படைக்கு நடுவே செக்கர் ஒண்டியாக நிற்கவேண்டியதுதான். அன்றோடு போகாது, எல்லா ஞாயிறும் அப்படித்தான். இது அவருக்குப் புரிந்தது. புரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

"வராட்டி போகட்டும். மடியில கனம். மாட்டிக்கிட்டாரு, அதான்," என்றார் பெண்டாட்டியிடம்.

"அவருக்கா கனம்? ரெண்டு நாளா நீங்கதான் கடுகடுன்னு உட்கார்ந்திருக்கீங்க," என்றாள் அவள்.

வியாழக்கிழமை தனியாகவே உட்கார்ந்து இரண்டு பக்கமும் தானே ஆடினார். கட்டத்தில் ஆடிப் பார்த்தார், பாதியில் கொட்டாவி வந்தது. சரி, ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று துணியைத் திருப்பிப் போட்டு, தடிப் புத்தகத்தின்படி டேப்பை எடுத்தார். நீலக் குதிரையை அளந்து வைத்தார். மேட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. கையை எடுத்தார்.

"சம்பந்தி, விரல்!"

கத்தினது அவரேதான். தள்ளினதும் அவருடைய சுண்டு விரலேதான். குதிரை மேட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பெண்டாட்டி ஓடி வந்தாள். "சம்பந்தி வந்திருக்காரா? சொல்லவே இல்லையே!" நாலு பக்கமும் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏங்க, நீங்களே தள்ளி நீங்களே பிடிச்சீங்களாக்கும்?"

"கை பட்டுடுச்சு."

"இத்தனை நாளா அவரும் அதைத்தானே சொன்னாரு! சரி, அபராதம் போட்டீங்களா, இல்ல தெரிஞ்ச ஆளுன்னு விட்டுட்டீங்களா?"

"போய் வேலையப் பாருடி."

அவள் போனாள். சமையற்கட்டிலிருந்து வெகுநேரம் சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. செக்கர் குதிரையைப் பின்னால் இழுத்து வைத்தார். அங்கே அது நன்றாகவே இல்லை. மறுபடி முன்னால் தள்ளினார்.

மறுநாள் பேக்கரிக்குப் போனார். சம்பந்தி முழங்கை வரை மாவோடு நின்றிருந்தார். இடுப்பை வளைத்து வளைத்துத்தான் பிசைந்துகொண்டிருந்தார்.

"இடுப்பு எப்படி?"

"அது ஞாயித்துக்கிழமைதான்."

"தடிப் புத்தகத்தையே வச்சுக்கலாம்னு பாக்குறேன்." செக்கர் பிஸ்கட் ஜாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கட்டம் சரிப்படாது. பெரிய ஹாலு, அவ்வளவுக்கும் சாக்பீஸ் போட்டா துணி பாழாயிடும்."

"ஓ. துணிக்காகவா?"

"துணிக்காகத்தான்."

"துணி பாழாகக் கூடாதே," என்றார் சம்பந்தி ரொம்பக் கவலையாக. மாவை ஒரு குத்துக் குத்தினார். "எத்தனை மணிக்கு வரணும்?"

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இரண்டு படையும் முழுசாக நின்றன. காலையிலிருந்து சுட்டுக்கொண்டார்கள், பாலத்தில் நீலம் குவியல் குவியலாக விழுந்தது. பொழுது சாய இன்னும் ஒரே ஒரு நகர்வு. நீலக் குதிரைப்படை கிளம்பவேண்டிய நேரம் அது. செக்கர் பெருந்தன்மையாக இருப்பது என்று முடிவு செய்திருந்தார். பழக்கமில்லாத காரியம்தான். ஆனாலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே சுவர் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தார்.

டேப் விரிகிற சத்தத்தைக் காணோம். திரும்பாமலே கேட்டார்: "என்ன, நகர்த்தியாச்சா?"

"இல்ல." சம்பந்தியின் கை குதிரைமேல் அப்படியே நின்றிருந்தது. குரலில் வருத்தம். "எங்க பாக்குறீங்க சம்பந்தி?"

"சும்மா. சுவரு."

"இவ்வளவு தூரம் வேலையை விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க சுவரைப் பாத்தா நான் யாருக்கு விளையாடுறது? இங்க பாருங்க, குதிரை கிளம்புது."

செக்கர் திரும்பினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மேட்டுப் புல்லில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். டேப் விரிந்தது. குதிரை நகர்ந்தது, நின்றது. கை எழுந்தது. சுண்டு விரல் மட்டும் எழவில்லை.

"பிடிச்சேன்!" என்று அவர் போட்ட கூச்சலில், வாசலில் கண்ணயர்ந்திருந்த வாட்ச்மேன் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். வந்து பார்த்தால் வயசான ஆள் இரண்டு பேர், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, ஒரு ஈயக் குதிரைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.