விட்டு விட்டு ஓடிய லாரி

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்பது மரியாதையான சொல், கேட்காமல் படித்தேன்.

நோட்டு என் தம்பி மனைவியுடையது. கணவனின் அக்கா என்பதால் என்னை அண்ணி என்பாள். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். இதயத் துடிப்பைக் காட்டும் திரை, மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் பம்ப், எது மக்கர் செய்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தேதி போட்டு, என்ன பார்த்தாள், எதை மாற்றினாள், பிறகு என்ன ஆனது என்று பொடி எழுத்தில் எழுதிவைப்பாள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். இரண்டை மாற்றிவிட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு மேசையில் அந்த நோட்டு விரித்தபடி கிடந்தது. ஒரு பக்கத்தின் தலைப்பில் “நோயாளி: வீட்டுக் கம்ப்யூட்டர்” என்று இருந்தது. சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். பதினாறு நாள் குறிப்புகள். கடைசிக் குறிப்பு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“மாற்றியது: எதுவும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டது. மெஷின் நலம்.”

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்.

(அ) மலைப்பாதையின் ஏழாவது வளைவில் அந்த லாரி திடீரென்று உறைந்து, மறுகணம் இருபதடி தள்ளி

வேண்டாம். விபத்துக் கதை என்று நினைத்துவிடுவீர்கள்.

(ஆ) என் தம்பிக்குப் பேச்சில் திக்கல் உண்டு.

இதுவும் வேண்டாம். இப்படித்தான் அவனை எல்லாரும் அறிமுகம் செய்கிறார்கள். வீட்டில் நாங்களே செய்திருக்கிறோம். பெயருக்கு முன்னால் திக்கல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதைச் சொல்லாமலும் இந்தக் கதை நகராது. ஆகவே நடுவில், போகிற போக்கில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

(இ) தம்பிக்கு வயது முப்பத்துநாலு. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு உரசிப் பொருத்துவது அவன் வேலை. முன்னால் வாடிக்கையாளர்கள், பின்னால் இவனும் உரசும் மெஷினும். அந்த இரைச்சலில் யாரும் யாருடனும் பேச வேண்டியதில்லை. அவனுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. வீட்டில் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் ஒரு கேம் விளையாடுவான். சண்டை கிடையாது, சுடுவது கிடையாது. மழையில், மலையில், பாரத்தோடு லாரியை ஊர் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வருடமாக அதை வீடியோவாகப் பதிவுசெய்து, கூடவே பேசவும் ஆரம்பித்திருந்தான். சேனலில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் சேர்ந்திருந்தார்கள். ஃபோனை எடுத்துப் பேசவே தயங்குகிறவன், லாரி ஓட்டியபடி அரை மணி நேரம் பேசினான்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

பழுது இதுதான். விளையாடும்போது திரையில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும். பதிவான வீடியோவைப் போட்டுப் பார்த்தால் லாரி விட்டு விட்டு ஓடும். மூன்று நொடிக்கு ஒரு தரம் உறையும், பிறகு குதிக்கும். கண் வலிக்கும்.

அவன் புகார் சொல்லவில்லை, அவள்தான் கவனித்தாள். “இவ்ளோ நல்லா ஓட்டறீங்க, விக்கல் எடுக்கற மாதிரி வருதே” என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

(இங்கே கொஞ்சம் தொழில் விஷயம். பொறுத்துக்கொள்ளுங்கள், சுவாரசியமானதுதான். இவன் எடுக்கும் வீடியோ என்பது நொடிக்கு அறுபது படங்களை வரிசையாக ஓட்டுவது. பதிவுசெய்யும் மென்பொருள் அந்த அறுபதில் எத்தனையைத் தவறவிட்டது என்று ஒரு மூலையில் எண்ணிக்கொண்டே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவள் பார்த்தாள்.)

முதல் நாள், அரை மணி நேரத்தில் ஒன்பதாயிரம் படங்கள் காணோம். வீடியோவைச் சேமிக்கும் இடத்தைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து வேகமான டிஸ்குக்கு மாற்றினாள். ஏதோ கொஞ்சம் குறைந்தது. பதிவை இறுக்கிச் சுருட்டும் வேலையை பிராசசரிடமிருந்து, திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாற்றினாள். இன்னும் குறைந்தது, தீரவில்லை. ஒலியைத் தனியே கேட்டுப் பார்த்து, “ஒலியில் பழுது இல்லை” என்று எழுதி அடிக்கோடிட்டாள். அந்த அடிக்கோட்டை நான் முதலில் கவனிக்கவில்லை.

ஆறாம் நாள் பிடித்துவிட்டாள். கேமுக்கு உச்சவரம்பு வைக்கவே இல்லை. அது நொடிக்கு நூற்றைம்பது படம்வரை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. கிராஃபிக்ஸ் கார்டின் மொத்தத் தெம்பையும் கேமே தின்றுவிட, பதிவுசெய்யும் மென்பொருள் ஓரமாக நின்று மீந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குளியலறை உள்ள வீட்டில் ஒருவரே ஒரு மணி நேரம் உள்ளே இருந்தால் எப்படி, அப்படி. கேமின் செட்டிங்ஸில் போய் “அறுபதுக்கு மேல் வேண்டாம்” என்று வரம்பு வைத்தாள். காணாமல்போன படங்கள்: பூஜ்யம்.

அன்று அவள் தனக்கே ஒரு கப் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டாளாம்.

4

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

எட்டாம் நாள் மறுபடி திக்கியது. வரம்பு நீக்கப்பட்டிருந்தது. ஏதாவது அப்டேட் வந்து அழித்திருக்கும் என்று மறுபடி வைத்தாள். பதினொன்றில் மறுபடி. அந்த இரண்டு வாரமும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கை கழுவி, நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கருவி குறிப்பிட்ட ஷிஃப்டில் மட்டும் கெட்டுப்போனால், கருவியைத் திறக்குமுன் அந்த ஷிஃப்டில் யார் இருந்தார்கள் என்று பார்ப்பாள். பதினாறாம் நாள், செட்டிங்ஸ் ஃபைல் எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று நாற்பது. அப்போது அவள் வேலையில் இருந்தாள்.

(அடுத்து வருவதை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். நான் எழுதிய முதல் வடிவில் அவள் நோட்டை அவன்மேல் விட்டெறிந்தாள். படித்துக் காட்டியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நோட்டை எல்லாம் நான் எறியமாட்டேன் அண்ணி. ஆஸ்பத்திரிக் குறிப்பும் அதுலதான் இருக்கு.” ஆகவே எறியவில்லை.)

அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள்: “வரம்பை எடுத்தது நீங்களா?”

அவன் தலையசைத்தான்.

“பதினாறு நாள்” என்றாள் அவள். “ஒண்ணும் பண்ணாத மெஷினைச் சந்தேகப்பட்டுட்டு இருந்திருக்கேன்.”

அதற்குமேல் அன்றும் மறுநாளும் அவள் அவனோடு பேசியது, கதவைப் பூட்டியாச்சா, துணி எடுத்தாச்சா என்ற அளவில்தான்.

5

மூன்றாம் நாள் காலை, தம்பி தன் ஃபோனை அவள் முன்னால் வைத்தான். வீடியோக்களின் கீழே வந்திருந்த கமென்ட்டுகள். ஒருவர் எழுதியிருந்தார்: “அண்ணா, உங்க கம்ப்யூட்டர் ரொம்ப வீக். வீடியோவோட சேர்ந்து உங்க குரலும் மாட்டிக்குது. ஆனா நீங்க சொல்ற விஷயம் நல்லாருக்கு, நிறுத்திடாதீங்க.” இன்னொருவர் மைக்கை மாற்றச் சொல்லியிருந்தார். இன்னும் ஒருவர் என்னென்ன செட்டிங்ஸை மாற்றலாம் என்று நீளமாகப் பட்டியல் போட்டு, பொறுமையாக முயன்று பார்க்கும்படி வாழ்த்தியிருந்தார்.

அவனுடைய திக்கலை எல்லாரும் கம்ப்யூட்டரின் திக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். படம் சரியாகிவிட்டால் குரல் தனியாக நிற்கும்.

“முதல் தடவையா தப்பு என் மேல இல்லன்னு ஒருத்தன் சொன்னான்” என்றான் தம்பி.

அவள் எல்லாக் கமென்ட்டுகளையும் கீழே வரை படித்தாள். பிறகு சொன்னாள்: “கம்ப்யூட்டர் மேல இருக்கற பொறுமை இவங்களுக்கு மனுஷன் மேல இருக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க.”

“இருக்காது. உனக்குத் தெரியாது” என்றான் அவன்.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் நோட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அவர் சொன்னதும் சரிதான் அண்ணி. எனக்குத் தெரியாது. நான் ஒரு நாள்கூட என் வாயில ஒரு வார்த்தை வர்றதுக்காகக் காத்து நின்னதில்ல.”

6

இதுவரை எழுதியதைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் சம்மதமில்லாமல் வெளியிட மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்ற பயமும், உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்லிவிட்டால் தேவலை என்ற ஆசையும் இருந்தன.

என் வீட்டுக்கே வந்தான். லென்ஸின் மையத்தைக் குறிக்கிற சிவப்புப் பேனா கையில். தாள்களை முழங்காலில் வைத்துப் படித்தான். ஐந்தாம் பகுதியில் நிறுத்திவிட்டான்.

“இதுல நான் எங்க தி... திக்கறேன் அக்கா?”

இல்லைதான். அவன் சொன்ன வாக்கியங்களை நான் வழுவழுவென்று எழுதியிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. பாடநூல் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் ஒன்றை அடித்துவிடும் என் கை. அன்பினால் செய்தேன் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். படிக்கிறவர்கள் சிரிக்கக் கூடாது என்பதற்காக என்றும் சொன்னேன்.

“என்னை ந... நல்லா சர்வீஸ் பண்ணி வச்சிருக்க” என்றான். கோபமில்லை, கொஞ்சம் சிரித்தான்கூட. பிறகு ஐந்தாம் பகுதியில் அந்த வாக்கியத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்தான். அவன் கணக்குப்படி அது இப்படி இருந்திருக்க வேண்டும்:

“முதல் த... த... தடவையா தப்பு என் மேல இல்லன்னு ஒ... ஒருத்தன் சொன்னான்.”

மேலே திருத்திவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். “அப்படியே விடு. உன்னைப் பத்தியும் அவங்க தெ... தெரிஞ்சுக்கட்டும்.”

ஆகவே விட்டிருக்கிறேன்.

7

முடிவுகள் கைவசம் இருந்தன.

ஒன்றில், அவன் தெளிவான வீடியோவைப் போடுகிறான். ஆயிரம் பேர் கைதட்டுகிறார்கள். எழுதி முடித்துப் படித்தால் ஏதோ மைக் விளம்பரம்போல இருந்தது. இன்னொன்றில் யாரோ ஒருவன் கேலி செய்கிறான், தம்பி சேனலை மூடுகிறான், அவள் நோட்டைப் பார்த்தபடி

அதை வாக்கியத்தின் பாதியிலேயே விட்டுவிட்டேன். உங்களிடமிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வாங்கப் பார்க்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. மூன்றாவதில் லாரி திக்கிக்கொண்டே ஓடுகிறது, அவள் தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிடுகிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. குடும்பங்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்று நினைத்தேன். இதையே வைத்துக்கொள்ள இருந்தபோது தம்பியிடமிருந்து மெசேஜ் வந்தது: ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வா.

8

போனேன். மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு, எனக்கும் அவளுக்கும் அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் குனிந்து, கேமின் வரம்பை அறுபதில் வைத்தாள். அவனுக்குக் காட்டினாள். பிறகு மவுஸை அவன் பக்கம் தள்ளினாள்.

“மாத்தணும்னா மாத்திக்குங்க. இனிமே நான் ஃபைல் தேதி பாக்கமாட்டேன்.”

அவன் மவுஸைப் பிடித்தான். மாற்றவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தினான். சிவப்புப் புள்ளி எரிந்தது. லாரி மழையில் கிளம்பியது.

“வ... வணக்கம்” என்றான். “இதுக்கு முன்னாடி போட்ட வீடியோவுல எல்லாம் லாரி தி... திக்குச்சு. அது கம்ப்யூட்டர் தப்பு. இப்ப சரி பண்ணியாச்சு. ஆனா குரல் திக்குச்சுல்ல, அது க... கம்ப்யூட்டர் இல்ல. அது...”

பேச்சு நின்றுவிட்டது.

லாரி ஓடியது. வைப்பர் போய்ப் போய் வந்தது. ஒரு வளைவு. ஒரு பாலம். அவன் கழுத்தின் பின்புறம் இறுகுவது தெரிந்தது. கை மட்டும் லாரியைப் பிசகாமல் திருப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில், டிக்கெட் கவுன்டரில், டாக்டர் முன்னால், இவன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, இவன் வாயிலிருந்து எத்தனை சொற்களைப் பிடுங்கி நானே சொல்லி முடித்திருக்கிறேன். உதவி என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் வாய் தானாகத் திறந்தது. அவள் திரையிலிருந்து கண் எடுக்காமலே என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

மூலையில் அந்த எண் தெரிந்தது. பூஜ்யம். ஒரு படம்கூடத் தவறவில்லை. இந்த மௌனம் முழுவதும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவை உங்களிடம் கொடுத்து, முடிவு இனி உங்கள் கையில் என்பது வழக்கம். நான் கொடுக்கப்போவதில்லை. அந்தச் சொல் உங்களுக்கும் தெரியும். இந்நேரம் மனத்துக்குள் சொல்லியும் இருப்பீர்கள். வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவன் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறான். சாலையும் மிச்சம் இருக்கிறது.