மஞ்சள் காட்டில் செருப்பு

ராமாமணியிடம் வேறு எதை வேண்டுமானாலும் பேசிச் சமாளித்துவிடலாம், மஞ்சள் காட்டுக்குள் செருப்போடு இறங்கினால் மட்டும் யாராலும் தப்ப முடியாது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்தது அவர்கள் தோட்டம். களை வெட்ட வரும் ஆட்களானாலும் சரி, விலை பேச வரும் வியாபாரியானாலும் சரி, வீட்டுக்காரர் சுந்தரராஜுலுவே ஆனாலும் சரி, கிணற்று மேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரப்பில் கால் வைக்க வேண்டும். மஞ்சள் மகாலட்சுமி ஆயிற்றே. மகாலட்சுமியைச் செருப்புக் காலால் மிதிக்கிற குடும்பம் உருப்படுமா?

ஆடி நோன்பிக்கு மகள் பிரீத்திகாவுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கித் தந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை, அதை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று மஞ்சளுக்குள் ஒரே ஓட்டமாக ஓடிவிட்டது. ராமாமணி பின்னாலேயே போய் முதுகில் இரண்டு வைத்தாள். அடியாத மாடு படியாது என்று ஊரே சொல்கிறதே. பிள்ளையும் படிந்துவிட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக் கிணற்று மேட்டிலேயே ஜோடியாக வைத்துவிட்டு, அம்மாவோடு ஈரப் பாத்தியில் வெறுங்காலோடுதான் சுற்றும்.

கார்த்திகை வாக்கில் பிள்ளை ஒரு மாதிரி ஆனது. துறுதுறுவென்று ஓடினது நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்தது. வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். ஒருநாள் சுவரோரம் நின்று சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பதை ராமாமணியே கண்ணால் பார்த்தாள். கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டாள். பவானியில் மந்திரித்துத் தாயத்தும் கட்டினாள். பாலும் நெய்யுமாக ஊட்டினாள். ஒன்றும் உடம்பில் ஒட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாட்டு டாக்டர் யூனுஸ் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். தொழுவத்தில் ஒரு கிடாரிக் கன்று வயிறு மட்டும் உப்பி, எலும்பும் தோலுமாக நின்றது. அவர் அதன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

“பாருங்க அம்மணி, செவப்பா இருக்கோணும். வெளுத்துக் கெடக்குது. வகுத்துல பூச்சி. நீங்க போடற தீனியெல்லாம் அதுக்குத்தான் போவுது.”

மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றிக் கன்றின் தொண்டைக்குள் இறக்கினார். ராமாமணி அதைப் பார்க்கவே இல்லை. கையில் பிடித்திருந்த கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். கட்டிலில் சுருண்டு கிடந்த மகளைத் தூக்கி உட்காரவைத்து, கீழ் இமையை மெல்ல இழுத்தாள். கன்றுக்கு இருந்தது போலவே வெள்ளை.

யூனுஸ் வண்டியை உதைத்துக் கிளப்புவதற்குள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“ஏனுங்க டாக்டர், அந்த மருந்துல ஒரு சொட்டுக் குடுத்துட்டுப் போங்க. புள்ளைக்கும் அதேதானுங்க.”

“மாட்டு மருந்துங்க அது. என்ற சொந்தப் புள்ளையா இருந்தாலும் குடுக்க மாட்டேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு இருக்காதீங்க.”

சத்தியமங்கலத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வயதில் சின்னவர்தான், ஆனால் குரலில் பதற்றம் இல்லை. ரத்தம், மலம் எல்லாம் பார்த்துவிட்டு, “கொக்கிப்புழுங்க. குடல்லயே கடிச்சுக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு, நல்லவேளை வந்தீங்க. மாத்திரையில சரியாயிரும்” என்றார். பிறகு கேட்டார். “பாப்பா செருப்புப் போடறதில்லீங்களா?”

“போடுவாளுங்க. மஞ்சக் காட்டுக்குள்ள மட்டும் போட உட மாட்டமுங்க.” அந்த நிலையிலும் ராமாமணியின் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“காட்டோரமா ஆளுங்க வெளிக்குப் போவாங்களா?”

“அது எல்லாக் காட்டுலயும் போறதுதானுங்களே.”

“அந்த ஈர மண்ணுலதாங்க இந்தப் புழு இருக்கும். வெறுங்கால்ல நடந்தா உள்ளங்கால் வழியா உடம்புக்குள்ள ஏறிக்கும்.”

ராமாமணி மகளின் காலைப் பார்த்தாள். ஊரார் கண்ணில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தாளே, மிளகாய் சுற்றினாளே. பிள்ளையின் காலில் இருந்த செருப்பை அடித்துக் கழற்ற வைத்தது யார்? பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் உள்ளங்கால்களை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள்.

வீட்டில் எல்லோரும் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். “கன்னு, புள்ளை, இப்ப நானுமா?” என்று சிரித்துக்கொண்டே சுந்தரராஜுலு விழுங்கினார். தோட்டத்துக்கு ஒரு கக்கூஸ் கட்டலாம் என்று அவர் சொன்னபோதெல்லாம் அவள்தான் தீட்டு என்று தடுத்திருந்தாள். இப்போது அவளே தொழுவத்துக்குப் பின்னால் இடம் காட்டினாள். மனுஷர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை.

தை கழிந்து மாசியும் வந்தது. பிரீத்திகாவின் கன்னத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. மஞ்சள் வெட்டு தொடங்கிய அன்று, பழைய ஓட்டம் ஓடிக் கிணற்று மேட்டுக்கு வந்தவள், வழக்கம்போல் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“கழட்டாத கண்ணு. போட்டுட்டே வா.”

பிள்ளை நம்பவில்லை. ஒரு கை தானாக முதுகுப் பக்கம் போனது. “அடிக்க மாட்டீங்களாம்மா?”

ராமாமணி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தன் செருப்பை மாட்டிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நிமிர்ந்து நின்றார்கள்.

“அம்மணி, கால்ல செருப்புங்க” என்றார் மாசாணம். அந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து நரைத்தவர்.

“தெரியுதுங்கண்ணா. மகாலட்சுமிக்குச் சொல்லிப்போட்டுத்தான் எறங்கியிருக்கறேன். மேட்டுல கெடக்கறதை எல்லாரும் எடுத்து மாட்டிக்கிட்டு வாங்க. சாயங்காலம் நர்சம்மா வர்றாங்க, உங்களுக்கும் மாத்திரை இருக்குது.”

யாரும் அசையவில்லை. மாசாணம் மட்டும் சற்று யோசித்துவிட்டு மேட்டுப் பக்கம் நடந்தார்.

ராமாமணி திரும்பி மகளிடம் கையை நீட்டினாள். அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றது பிள்ளை. அப்புறம் சிவப்புச் செருப்புக் காலை எடுத்து மஞ்சளுக்குள் வைத்தது.