ரொம்பக் கம்மி

செவ்வந்திக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதும் மணலூர்பேட்டையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது பிரெட். நம் ஊரில் நோயாளி என்றால் பிரெட்தான். யார் போட்ட சட்டமோ. அவள் கணவன் வெற்றிவேல் கரும்புத் தோட்டத்து வேலை முடிந்ததும் கால்கூடக் கழுவாமல் பேக்கரிக்கு ஓடுவான். அவள் பாலில் நனைத்துத் தின்பாள். மறுபடியும் போகும். சோறு கனமாம், அதை நிறுத்தியிருந்தார்கள்.

ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்த பிறகு கள்ளக்குறிச்சியில் காட்டினார்கள். கோதுமை சேராத குடலோ என்று சந்தேகப்பட்டு டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். லேப்பிலிருந்து வெற்றிவேலுக்குப் போன் வந்தது.

"ரொம்பக் கம்மிங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

சர்க்கரை கம்மி, பிரஷர் கம்மி என்றால் சந்தோஷப்பட்டே பழகிய காது அது. டாக்டருக்கும் சந்தேகம் தீர்ந்தது. வெற்றிவேல் அன்றைக்குப் பெரிய பாக்கெட்டாக வாங்கினான்.

"வேணாங்க, பாத்தாலே கொமட்டுது," என்றாள்.

"ரெண்டே துண்டு. எனக்காக."

தின்றாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலிலிருந்து துளியூண்டு சதை எடுத்தார்கள். முடிவு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்த முடிவைக் கேட்கப் போன வெற்றிவேலிடம் லேடி டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"குடலோட உள்தோல்ல ஒரு எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்குற அணுக்கள் இருக்கணும். உங்க வீட்டம்மாவுக்கு அது இல்லவே இல்ல. கோதுமை சேரலன்னா அந்தப் புரதம் ரத்தத்துல ஏறும். அதப் பாக்குறதுதான் மொதல்ல எடுத்த ரத்த டெஸ்ட். சுரக்கவே ஆள் இல்லன்னா எப்படி ஏறும்? கம்மின்னுதான் காட்டும்."

"அப்ப கோதும? அவ தின்ன பிரெட்டு?"

"அதுதாங்க குடலை அரிச்சிருக்கு."

"சரிங்க," என்றான். வேறு என்ன சொல்வது? பஸ்ஸில் தியாகதுருகம் தாண்டும்வரை அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

காரியத்தன்று செவ்வந்தியின் படத்துக்கு முன்னால் இலை போட்டார்கள். சோறு, வடை, பாயசம். எல்லாம் வைத்த பிறகு அவன் அக்கா பெரியநாயகி இலை ஓரத்தில் இரண்டு துண்டு பிரெட்டை வைத்தாள்.

"கடைசியா இதத்தான தின்னுக்கினு இருந்தா, பாவம்."

வெற்றிவேல் குனிந்து அதை எடுத்தான்.

"வேணாங்க்கா. அவளுக்கு ஒத்துக்காது."

"செத்தவளுக்கு இன்னாடா ஒத்துக்காது?"

அவனால் திரும்ப வைக்கவும் முடியவில்லை, கீழே போடவும் மனம் வரவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க, நின்ற இடத்திலேயே இரண்டு துண்டையும் தின்றான்.

அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை.